ஜூலை மாதத்துக் குடில்

கேட்டைத் திறப்பதற்கு முன்பே ஆஞ்சலாவின் காதில் சுத்தியல் சத்தம் விழுந்துவிட்டது. உண்மையில் தெருமுனை பேக்கரியில் பன் வாங்க நின்றபோதே விழுந்துவிட்டது. பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே பேக்கரிக்காரர், "சார் இன்னும் முடிக்கல போல மேடம்" என்றார். அதில் பரிதாபம் பாதி, வேடிக்கை பாதி. காக்ஸ் டவுனில் அந்தத் தெருவுக்கே இப்போது அவள் வீட்டுக் கொல்லைப்புறம்தான் பேச்சு. கையில் பன், தோளில் நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் அடைத்த பை, காலையிலிருந்து பிள்ளைகளை அதட்டி அதட்டிக் கரகரத்துப்போன தொண்டை. இத்தனையோடு வீட்டுக்கு வருகிறவளை வரவேற்க டங், டங், டங்.

ஆஞ்சலா வாழ்க்கையில் பெரிதாக எதுவும் கேட்டவள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் காபியோடு பின்வாசல் படியில் உட்கார வேண்டும். எதிரே பட்டர் ஃப்ரூட் மரம், அதனடியில் துணி துவைக்கும் கல், கல்லுக்குப் பின்னால் பாசி பிடித்த காம்பவுண்டு சுவர். சாயங்காலம் மாதா கோயில் மணி அடிக்கும்வரை யாரும் 'மிஸ்' என்று கூப்பிடக் கூடாது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது. அவ்வளவுதான். மகள் லவினா கல்யாணமாகிப் புனே போன பிறகு, கணவர் சில்வெஸ்டர் பீன்யா ஃபாக்டரியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களில், அந்தப் படியும் அந்த நேரமும் அவளுக்கே அவளுக்காக இருந்தன. இதைப்போய் யாரிடம் சொல்வது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. போன பிப்ரவரியில் சில்வெஸ்டர் ரிட்டையர் ஆனார். சால்வையும் சுவர்க்கடிகாரமுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றோடு போயிற்று.

ஒரே ஒரு மனிதர் வீட்டில் இருப்பதால் இவ்வளவு சத்தம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. டிவி போட்டால் எதிர்வீட்டுக்காரர் அதை வைத்தே செய்தி தெரிந்துகொள்ளலாம். சட்னி அரைபட்டுக் கூழான பிறகும் மிக்சியை ஓடவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். அவள் வந்து அணைத்தால் தூக்கத்திலிருந்து எழுப்பியதுபோல் பார்ப்பார். ஃபேன் விவகாரம் மட்டும் நாலைந்து வருஷப் பழசு. ராத்திரி முழுக்க அது ஐந்தில் சுற்ற வேண்டும். ஜனவரியில், ஊரே ஸ்வெட்டரும் குல்லாயுமாகத் திரியும் குளிரில், இரண்டு கம்பளிக்கு அடியில் அவள் பல்லைக் கிட்டித்துக்கொண்டு கிடப்பாள். "காத்து வேணும்" என்பார் அவர். "இதுக்குப் பேரு காத்தா?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது. பழைய காலத்து ஃபேன் வேறு, கடகடவென்று ரயில் போகிற மாதிரி ஓடும். மாற்றலாம் என்றால் அதற்கும் விட மாட்டார்.

அப்பாவின் போக்கே பிடிபடவில்லை என்று லவினாவிடம் போனில் புலம்பினாள். அது வினையாகப் போயிற்று. அவள் புனேயில் இருந்தபடியே அப்பாவை ஒரு தியான வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஊருக்கு வெளியே ஏதோ ரிசார்ட்டில், சனியும் ஞாயிறும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட வராமல் போன மனிதர் திங்கட்கிழமை காலையில் முகம் பளபளக்கத் திரும்பி வந்தார்.

"அமைதியா ஒரு இடம் வேணும் ஆஞ்சலா. பின்னாடி கட்டப்போறேன். ஆள் வைக்கக் கூடாது, நானே கட்டணும். கட்டறதே பாதி தியானம்னு சொன்னாங்க."

"கோயில் பக்கத்துலதான இருக்கு. அங்க போய்க் கண்ண மூடிட்டு உட்காருங்களேன்."

"அங்க போனா ஆளாளுக்கு வந்து பென்ஷன் வந்துச்சா, மகளுக்கு ஏதாச்சும் விசேஷமான்னு கேப்பாங்க."

அதில் நியாயம் இருந்தது என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் விடவில்லை. "ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. மாதா திருவிழாவுக்குக் கொடி ஏத்தறதுக்குள்ள முடிச்சுருவேன். அப்புறம் பாரு, வீடே அமைதியாயிரும்." அந்தக் கடைசி வார்த்தையில்தான் ஆஞ்சலா விழுந்தாள். இரண்டு மாதத்தைக் கொடுத்துப் படியைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைத்தாள். சரி என்று தலையாட்டினாள்.

சிவாஜிநகர்ப் பக்கம் பழைய மரக்கடையிலிருந்து லக்கேஜ் ஆட்டோவில் சட்டங்களும் பலகைகளும் வந்திறங்கின. துணி துவைக்கும் கல் ஓரங்கட்டப்பட்டது. துணிக்கொடி வீட்டுக்குள் குடியேறியது. சோபாவில் உட்கார்ந்தால் ஈர முந்தானை முகத்தில் படும். மழைக்காலம் என்பதால் எதுவும் லேசில் காயவும் இல்லை. அவளுடைய படியில் ரம்பமும் ஆணி டப்பாவும் உளிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முதல் நாளே அவர் கட்டைவிரலில் அடித்துக்கொண்டார். கட்டுப் போட்டுவிட்ட கையோடு, "தியானம் எப்படிப் போகுது?" என்று கேட்டாள். அவருக்கு அது கிண்டல் என்றே தெரியவில்லை. "நல்லா போகுது" என்றார். அதற்கப்புறம் ஆஞ்சலா பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியிலேயே இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு வரப் பழகினாள். ஆணி டப்பாவை ஒதுக்கிவிட்டுப் படியின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து காபி குடித்தாள். குடிக்கும்போது படி அதிர்ந்தது.

சில்வெஸ்டருக்கு முப்பது வருஷமாக இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டத் தெரியும். மரவேலை தெரியாது. அவர் கை மரத்தையும் ஆணியையும் தொடுவது வருஷத்துக்கு ஒரே முறைதான், டிசம்பரில், கிறிஸ்மஸ் குடில் கட்டும்போது. அதில் ஆள் புலி. பங்குக் கோயிலில் நடக்கும் குடில் போட்டியில் பல தடவை முதல் பரிசு வாங்கியவர். நாலு கால் நட்டு, மூன்று பக்கம் அடைத்து, முன்பக்கத்தைத் திறந்து விட்டு, முன்னால் உயர்ந்து பின்னால் தாழும் கூரை போட்டு, வைக்கோலைப் பரப்பி, சொரூபங்களை வைத்து, உச்சியில் நட்சத்திரத்தை ஏற்றி இறங்கினால் தெருவே வந்து நிற்கும். அந்தக் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். எனவே தியான மண்டபத்தின் நாலு கால் நின்றபோதே ஆஞ்சலாவுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. மூன்று பக்கம் பலகை அடித்துவிட்டு, காற்று வேண்டும் என்று முன்பக்கத்தைத் திறந்து விட்டபோது சந்தேகம் உறுதியானது. செருப்பு விட என்று இடது ஓரம் ஒரு தடுப்பு வைத்தார். குடிலில் மாடு நிற்கிற இடமேதான் அது. கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்கக் கூடாதென்று மேலே தென்னங்கீற்றை வேறு வேய்ந்தார். சூடு வெளியேற உச்சியில் ஒரு ஓட்டை விட்டார். நட்சத்திரத்துக்கு வயர் அந்த வழியாகத்தான் வர வேண்டும். பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெத்லகேம் எழும்பி நின்றது, அதைக் கட்டியவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிரிப்பார். பிரித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். திருவிழாக் கொடி இறங்கினாலும் சுத்தியல் இறங்காது. ஆஞ்சலா பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொண்டு காபியைக் குடித்தாள்.

சொன்னது பக்கத்து வீட்டு நாகேஷ்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி எடுக்க வந்தவன், சுவர் மேலாக எட்டிப் பார்த்து, மனசார, சிரித்த முகத்தோடு பாராட்டினான். "சென்னாகிதே அங்கிள், ரொம்ப நல்லா இருக்கு. என்ன, ஜூலைலயே குடில் ரெடி பண்ணிட்டீங்க. இந்தத் தடவையும் ஃபர்ஸ்ட் ப்ரைஸ் உங்களுக்குத்தான்."

சில்வெஸ்டர் ஏணியிலிருந்து இறங்கினார். படி வரைக்கும் நடந்து வந்து, திரும்பி நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஆஞ்சலா ஒரு கணக்கு நோட்டைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"இதுதான்."

"நீங்க எதைக் கட்டினாலும் அப்படித்தான வரும்" என்றாள் அவள், நோட்டை இறக்காமல்.

அன்று முழுக்க அவர் ஏணிப் பக்கமே போகவில்லை. ஆனால் விஷயம் தெருவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் தெருமுனை பிலோமினா அக்கா இரண்டு கையாலும் ஒரு ஒட்டகத்தை அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். முழங்கால் உயரத்துக்கு, பிளாஸ்டர் ஒட்டகம், முன்னங்கால் ஒன்று இல்லை. "ராஜாவுங்க மூணு பேரும் உடஞ்சு போயிட்டாங்கம்மா, இது ஒண்ணுதான் மிச்சம். எங்க சின்னக் குடில்ல இது நிக்காது. உங்களுது பெருசாமே, அதுல வச்சுக்கோங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஆஞ்சலாவுக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூட பஸ் வேறு வந்துவிட்டது. ஒட்டகத்தைத் துவைக்கும் கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஓடினாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது அது காம்பவுண்டு சுவரைப் பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

கதவு வைத்துவிட்டால் குடில் ஆகாது என்பது சில்வெஸ்டர் கண்டுபிடித்த வழி. எந்தக் குடிலுக்குக் கதவு இருக்கிறது? ஆகவே முன்பக்கத்தையும் அடைத்து, ஒரு பழைய கதவை நிறுத்தினார். கை வைத்ததுதான் வைத்தோம், சத்தமே உள்ளே வராதபடி செய்துவிடலாம் என்று உள்சுவரில் இன்னொரு அடுக்குப் பலகை அடித்தார். இரண்டு அடுக்குக்கும் நடுவே தெர்மோகோலும் சாக்கும் திணித்தார். உச்சி ஓட்டையையும் அடைத்தார். ஆகஸ்டு முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று. "பேஜாரா போச்சு லவினா. உங்கப்பா தியானம் முடிக்கறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும்" என்று ஆஞ்சலா போனில் சொன்னபோது அந்தப் பக்கம் லவினாவுக்குப் பாதிதான் கேட்டது. மீதியைச் சுத்தியல் தின்றுவிட்டது.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாதா கொடி ஏறுவதற்கு முந்தின நாள் ஆணி டப்பாவையும் ரம்பத்தையும் ஒரு சாக்கில் கட்டி ஸ்டோர் ரூமில் போட்டார். படியைக் கழுவிவிட்டார். குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஆஞ்சலா காபியோடு வந்து படியில் உட்கார்ந்தாள். நடுப்படியில், காலை நீட்டி. காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். பட்டர் ஃப்ரூட் மரத்திலிருந்து ஒரு இலை இறங்கித் தகரத்தின் ஓரத்தில் பட்டது, அதுகூடக் கேட்டது. இரண்டு வீடு தள்ளி யாரோ பாத்திரம் கவிழ்த்தார்கள். கிழக்கு ஸ்டேஷனில் நிற்காத ரயில் ஒன்று தூரத்தில் போய் மறைந்தது, போன பிறகும் அந்த அமைதியில் ஒன்றும் குறையவில்லை. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. இவ்வளவு நாள் தன் உடம்பை எப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது தோள் இரண்டும் தாமாக இறங்கியபோதுதான் தெரிந்தது. கோயில் மணி அடித்தபோது இருட்டிவிட்டிருந்தது, நோட்டு ஒன்றுகூடத் திருத்தவில்லை. பரவாயில்லை என்று எழுந்தாள்.

அந்த சந்தோஷம் ஒரு வாரம்கூட முழுசாக நிலைக்கவில்லை. அவர் உள்ளே போகும் நேரம் தள்ளிக்கொண்டே போனது, வெளியே வரும் நேரம் முந்திக்கொண்டே வந்தது. கதவு வரை போய்விட்டுத் தோட்டத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிவிடுவார். தண்ணீர் மோட்டார் ஓடும்போது அதன் பக்கத்தில் போய்க் கை கட்டி நிற்பார். முகம் வாடி, கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. இத்தனை ரகளை பண்ணிக் கட்டிவிட்டு அதில் கால் மணி நேரம் உட்கார உடம்பு வணங்கவில்லையே இந்த மனிதருக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா ஒத்திகை. மைக் செட்டின் அலறலில் மண்டை வெடித்து, பழைய பழக்கத்தில் காதில் பஞ்சோடு வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. சில்வெஸ்டர் வந்து அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அவர் ஒருநாளும் அந்தப் படியில் உட்கார்ந்ததில்லை.

"உள்ள சத்தமா இருக்கு" என்றார்.

ஆஞ்சலா டம்ளரை வைத்தாள். அடக்கி அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக வந்தது. "என்ன சத்தம்? ஈ எறும்பு நுழைய வழியில்லாம அடைச்சு வச்சிருக்கீங்க, அதுல என்ன சத்தம்? ரெண்டு மாசமா நான் பஞ்சு வச்சுகிட்டுத் திரியறேன். நாள் பூரா அந்தப் பிள்ளைங்ககிட்டக் கத்திட்டு வந்து இந்தப் படில கொஞ்ச நேரம் உட்காருவேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதுல ஆணி டப்பாவ வச்சீங்க, சரின்னேன். அமைதி வேணும்னு கட்டினீங்க, சரின்னேன். இப்ப அதுலயும் சத்தமா?"

அவர் அவள் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "வெளிய இல்ல" என்றார். விரலால் தன் வலது காதைத் தொட்டார். "இங்க. குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி சன்னமா ஒரு சத்தம் வருமே, அது. விசில் வராது. அது மட்டும் வந்துட்டே இருக்கும்."

"எப்பருந்து?"

"நாலஞ்சு வருஷமா."

ஃபேன், மிக்சி, டிவி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன் வந்து நின்றன. ஜனவரிக் குளிரில் கடகடக்கும் அந்தப் பழைய ஃபேன். அவர் கேட்டது காற்றே இல்லை.

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"ரெண்டு பேர்கிட்டக் காட்டினேன். பிரஸ் ஷாப்ல இருந்தவங்களுக்கு வர்றதுதானாம், பழகிக்கோங்கன்னுட்டாங்க. சத்தம் கேக்காம இருக்கக் காதுல மாட்ட ஃபாக்டரில அப்பவே அடைப்பான் குடுத்தாங்க. மாட்டினா மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு காதுக்குத் தெரியாது. பாக்கெட்லயே போட்டுக்குவோம்."

இரண்டு டாக்டர். பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தெரியாமல் இரண்டு டாக்டர். ஆஞ்சலாவுக்குப் பாவம் என்று தோன்றுவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"நீ சத்தமே ஆகாதுன்னு இங்க வந்து உட்கார்ற. உன்கிட்டப் போய் சத்தத்தப் பத்தி என்னத்தப் பேசறது."

அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்தப் படியைப் பற்றி இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சில்வெஸ்டர் திரும்பி அவள் காதைப் பார்த்தார். "உனக்குப் பஞ்சு வச்சா நின்னுடுது. எனக்கு வச்சாதான் ஜாஸ்தியாகுது. அங்க உள்ள போனா பஞ்சு மூட்டைக்குள்ளயே உட்கார்ந்த மாதிரி இருக்கு. அது ஒண்ணுதான் கேக்குது."

சுவருக்கு அப்பால் நாகேஷின் பைக் கிளம்பிப் போனது. அந்தச் சத்தம் இருந்தவரை அவர் முகம் கொஞ்சம் தளர்ந்ததை ஆஞ்சலா பார்த்தாள்.

"எப்பவுமே கேக்குமா? கேக்காத நேரமே இல்லையா?"

அவர் யோசித்தார். "ஆணி அடிக்கிறப்ப கேக்கல. இந்த ரெண்டு மாசமும் பகல்ல அத மறந்தே போயிட்டேன்" என்றார். சொன்னபிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் எழுந்து ஜிப்பாவைத் தட்டிக்கொண்டார்.

ஆஞ்சலா எழுந்து மரத்தடிக்குப் போனாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒட்டகத்தைத் திருப்பினாள். இரண்டு மாத மழையில் அதன் முதுகில் பெயின்ட் உரிந்து வெள்ளை தெரிந்தது.

"இத இப்படியே போட்டா டிசம்பர் வரைக்கும் தாங்காது" என்றாள்.

"தூக்கி அந்த ரூம்ல வையி."

"தரையிலயா? பிலோமினா அக்கா வந்து பார்த்தா என்ன நெனப்பாங்க. உள்ள இதுக்கு ஒரு ஸ்டாண்டு அடிங்க. மூணு காலு ஒட்டகம், ஆடாம நிக்கணும். நெறைய ஆணி வேணும்."

அவர் அவளையே பார்த்தார். "இப்பவா? நீ காபி குடிக்கிற நேரமாச்சே."

"நான் குடிக்கிறேன். நீங்க அடிங்க."

ஸ்டோர் ரூமில் சாக்கை உதறும் சத்தம் கேட்டது. ஆஞ்சலா படிக்குத் திரும்பி வந்து நடுப்படியில் உட்கார்ந்தாள். காபி ஆறியிருந்தது. அவர் கதவை மூடாமல் விரியத் திறந்து வைத்துக்கொண்டு, ஒட்டகத்தைத் தோளில் போட்டபடி உள்ளே போனார். முதல் அடி விழுந்தது. மரத்திலிருந்து இரண்டு காக்கைகள் எழும்பிப் போயின. அவள் காதிலிருந்த பஞ்சை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மடியில் நோட்டுக் கட்டைப் பிரித்து, சிவப்புப் பேனாவைத் திறந்தாள். டங் என்று ஒரு அடி, ஒரு சரி. டங், இன்னொரு சரி. ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதியிருந்த பையனுக்கும் ஒரு சரி விழுந்தது. அவள் பக்கத்தைத் திருப்பினாள்.